முறையீட்டிற்கும் உசாவலுக்கும் இடையே ஓர் இரவு

கைக்கயிற்றை அறுத்தெறிந்துவிட்டால் பள்ளிகளில் பூசல் ஓய்ந்துவிடும் என்று எண்ணுவார் பலர் உளர். கயிறு அறுக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. இன்ன நிறத்தான் இன்ன சாதியான் என்று காட்டுதற்கென்றே, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் காவியுமாய்த் தமிழ்ப் பிள்ளைகளின் கைகளில் ஏறிய அவ்விழிவடையாளத்தைக் களையுமாறு 2019-இலேயே பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்புக் குரல் எழுந்ததும் அன்றைய அரசு பின்வாங்கிற்று. 2022 ஏப்பிரலில், நெல்லை மாவட்டம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் அதே கயிற்றின் பெயரால் மூண்ட பூசலில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்பள்ளி மாணவர்களாலேயே தாக்குண்டு உயிரிழந்தான்.

எனினும், கயிறில்லாத கையும் அரிவாள் பிடிக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாங்குநேரி நிகழ்ச்சியை மறந்திருக்கமாட்டீர்கள். 2023 ஆகத்துத் திங்கள் 9-ஆம் நாள் இரவு, ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டினுள்ளேயே, உடன் பயின்றோரால் அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுண்டாள். இக்கொடுமையைச் சாதிவெறி என்னும் ஒரு சொல்லாற் கூறி முடித்துவிடுகின்றோம். சாதிவெறிதான், மறுப்பார் யார்? ஆனால் அவ்வெறி எந்த வழியே அந்த இரவை வந்தடைந்தது என்று கேட்பார் அரியர். மேட்டிமை பேசிய மாணவர் சிலரின் இடைவிடாத தொல்லையால் அப்பிள்ளை பள்ளிக்கு வருவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. பாராட்டத்தக்க செயலே. பிள்ளை உண்மையைச் சொன்னான், முறையீடு பதிவாயிற்று. அச்செய்தி தொல்லை கொடுத்தோர் செவிக்கும் எட்டிவிட்டது. உசாவல் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நடந்திருக்கலாம். அரிவாள் அன்றிரவே வந்துவிட்டது.

அந்த ஓர் இரவைக் காப்பதற்குத்தான் நம் கல்வியமைப்பில் ஆளில்லை. “அஞ்சாமல் உண்மையைச் சொல்” என்று பிள்ளையிடம் கேட்பது எளிது. சொன்னபின் அவனுக்கு என்ன நேரும் என்பதை முன்னரே எண்ணி வைத்துக்கொண்டன்றோ கேட்டல் வேண்டும்? முறையிட்டவன் பெயர் எவர்க்குத் தெரியலாம், எவர்க்குத் தெரியலாகாது. அவன் மாலையில் எவ்வழியே, எவரோடு வீடு செல்வான். எதிர்த்தரப்புப் பெற்றோரை எப்பொழுது, எவர் முன்னிலையில் அழைப்பது. காவல்நிலையத்திற்குச் சொல்ல வேண்டிய செய்தியா, அன்றா — இவையெல்லாம் ஒரு மணி நேரத்துள் முடிவு செய்யப்பட வேண்டியவை. நாளை பார்க்கலாம் என்பதற்கு இங்கு இடமேயில்லை.

அரசு பள்ளிதோறும் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைத்தது. (‘மாணவர் உள்ளம்’ என்று எழுதியிருந்தால் எழுத்து தேய்ந்தா போயிருக்கும்? அது கிடக்கட்டும்.) நல்ல ஏற்பாடு. ஆயின் ஆராய்ச்சி மணியைக் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? ஒலி கேட்டவுடன் எழுந்து வர ஒருவன் உள்ளிருக்க வேண்டும்.

எல்லாப் பூசலும் ஒரே தன்மையதன்று என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். 2025 ஏப்பிரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளியொன்றில், எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் வகுப்புத் தோழனைப் பள்ளியிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்க முனைந்த ஆசிரியரும் புண்பட்டார். கரிக்கோல் ஒன்றைப் பற்றி முன்பு எழுந்த பூசலே கரணியம் என்று காவல்துறையினர் அப்பொழுது கூறினர். கரிக்கோல்! இருவரையும் அருகழைத்து, ஒருவன் பேசி முடிக்கும்வரை மற்றவன் வாய் திறவாதிருக்கச் செய்து, பின் மற்றவனையும் பேசவிட்டிருந்தால் அரைமணி நேரத்தில் அது தீர்ந்திருக்கும். ஒத்த நிலையினர் இருவர்க்கிடையே எழும் பூசலுக்கு இணக்கப் பேச்சே மருந்து.

நாங்குநேரிப் பூசலுக்கு அம்மருந்து நஞ்சு. பலர் கூடி ஒருவனைப் பிறப்பால் இழித்துரைத்து ஒடுக்கும் இடத்தில், அடித்தவனையும் அடிபட்டவனையும் பக்கத்தில் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வது அடிபட்டவனை மீண்டும் அடிப்பதேயாகும். நம் தலைமையாசிரியர் பலர் செய்வது இதைத்தான். அல்லது மாற்றுச் சான்றிதழைக் கையில் திணித்துப் பூசலை அடுத்த ஊர்ப் பள்ளிக்கு ஏற்றுமதி செய்வது. எது இணங்க வைக்கத்தக்கது, எது ஒறுக்கத்தக்கது என்று பிரித்தறியும் பயிற்சியை ஆசிரியர்க்கு எவரும் தருவதில்லை.

நாங்குநேரி நிகழ்ச்சியின்பின் அரசு அமைத்த மேனாள் நடுவர் சந்துருவின் ஒருவர் குழு, 2024 சூன் திங்களில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, மாணவரை அகர வரிசையில் அமர்த்துக, கயிறும் நெற்றிக்குறியும் தவிர்க்க என்பன போன்ற பரிந்துரைகள் அதில் இருந்தன. நெற்றிக்குறியைப் பற்றியே ஊரெல்லாம் வழக்காடிற்று. 500 மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிதோறும் நலவாழ்வு அலுவலர் ஒருவரை அமர்த்துக என்ற பரிந்துரையைப் பற்றி வாய் திறந்தோர் சிலரே. நம் நோக்கில் அறிக்கையின் உயிர் அதுதான். எழுந்து வரும் ஆள் அவர்தாம். ஆனால் 500-க்குக் குறைந்த சிற்றூர்ப் பள்ளிகளை என் செய்வது? சாதித் தெருக்கள் பள்ளி மதிலை ஒட்டியே தொடங்குவது அங்கன்றோ? மூன்று நான்கு பள்ளிகட்குப் பொதுவாகவேனும் ஒருவரை அமர்த்துதல் வேண்டும்.

ஆசிரியர்க்கு நேரமேது என்பர். உண்மை, இணையப் பதிவேடுகளை நிரப்பியே அவர் பொழுது கழிகின்றது. அச்சுமையைக் குறைக்க வேண்டியது அரசின் கடமை. ஆயினும் நம் ஏட்டைப் படிப்போருள் தமிழாசிரியர் பலர் உளர். அவர்களிடம் ஒன்று கேட்போம். தமிழர் ஒன்றாதல் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். நம் வகுப்பின் கடைசி வரிசையில் எவன் எவனோடு பேசாதிருக்கின்றான் என்பது நமக்குத் தெரியுமா? மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டிற்கு மாலையில் ஒருமுறை நடந்து செல்லுங்கள். அவன் ஏதேனும் சொன்னால், அன்று பொழுது சாயுமுன் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நேரங்குறித்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.