காட்டில் நடக்க நமக்கு நேரமில்லையா, உரிமையில்லையா?

சென்ற மாதக் கூட்டத்தின் முடிவில் ஓர் இளைஞர் எழுந்து, "ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு ஏதாவது ஒரு காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வரலாமே" என்றார். கூடம் சிரித்தது. செங்கம் பக்கத்திலிருந்து வந்து நாச்சாரத்திலேயே தலை நரைத்துவிட்ட பெரியவர் ஒருவர், "விறகுக்கும் புளிக்கும் சவ்வாது மலை ஏறி இறங்கின கால் தம்பி இது. இனிமே சும்மா வேற நடக்கணுமா?" என்று கேட்டார். இன்னொரு தோழர் கோபமாகவே சொன்னார்: "சம்பள பாக்கியைப் பேசுங்கள், ரேஷன் கார்டைப் பேசுங்கள். உல்லாசப் பயணம் பிறகு." இளைஞர் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பெரியவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம்மில் பலருக்குக் காடு என்றால் தலைச்சுமை, முள், வனக்காவலரின் அதட்டல். அதிலிருந்து தப்பித்துத்தானே ரயில் ஏறினோம்? ஆனால் அந்தச் சிரிப்புக்குள் வேறொன்றும் ஒளிந்திருந்தது. காரியமில்லாமல் நடப்பது, மரத்தடியில் உட்கார்வது, பறவையைப் பார்ப்பது, இவையெல்லாம் ஜூபிலி ஹில்ஸ்காரர்களின் வேலை, நமக்கு விதிக்கப்பட்டது உழைப்பும் உறக்கமும்தான் என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்ட மனநிலை அது. முதலாளி சொல்லாமலே நாம் கற்றுக்கொண்ட பாடம்.

உண்மை நேர்மாறானது. அடையாளமிட்ட பாதையில் காட்டுக்குள் போய், மாலைக்குள் வீடு திரும்பும் இந்த ஒருநாள் நடையை ஐரோப்பாவில் ஊரறியச் செய்ததில் தொழிலாளிகளின் பங்கு பெரிது. 1895-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு கொல்லர், ஒரு மாணவர் உள்ளிட்ட சிலர் சேர்ந்து 'இயற்கை நண்பர்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத்தான் ஆள் சேர்த்தார்கள். அந்த மாணவர் கார்ல் ரென்னர், பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியே ஆனார். பட்டறையிலும் ஆலையிலும் வாரம் முழுவதும் புகை குடித்தவர்கள் ஞாயிறன்று கூட்டமாக மலைக்குப் போனார்கள். பாதைக்குக் குறியிட்டார்கள், தங்கும் விடுதிகளைத் தாங்களே கட்டினார்கள். மலை அனைவருக்கும் சொந்தம் என்பதே அவர்களுடைய முழக்கம். 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும், அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவின் சர்வாதிகார அரசும் அந்தச் சங்கத்தைத் தடை செய்தன. மரத்தையும் மலையையும் பார்க்கப் போகிறவர்களைக் கண்டு அரசு ஏன் பயப்பட வேண்டும்? தொழிலாளி கூட்டமாக, மேஸ்திரி இல்லாமல், நாள் முழுதும் பேசிக்கொண்டே நடந்தால் என்ன பேசுவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் கதை இன்னும் சூடானது. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிகளுக்குப் பக்கத்திலேயே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலம் இருந்தது. ஆனால் பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அதை அடைத்துவைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. நடந்ததற்காகச் சிறை! ஆனால் 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதை உரிமைக்கும் அந்நாட்டில் சட்டம் வந்தது. 1965-ல் பென்னைன் வழி என்ற நெடும் நடைபாதை திறக்கப்பட்டது. ஆகவே "சம்பளப் போராட்டம் வேறு, உல்லாசம் வேறு" என்ற தோழருக்கு ஒரு வார்த்தை: எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் மீதி நேரத்தைச் சும்மா கேட்கவில்லை. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சென்னைக் கடற்கரையில்தானே நடத்தினார்?

நமக்கு நடை புதிதும் அல்ல. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். வழியில் எட்டு லிங்கங்கள். எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு மீதி என்று குழந்தைக்கும் தெரியும். குறியிட்ட பாதை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எது? பழனிக்குப் பாத யாத்திரை போனவர்கள் நம் வரிசை வீடுகளில் எத்தனை பேர்! ஆனால் வேண்டுதல் இருந்தால்தான் நடப்போம். நமக்காக, நம் பிள்ளைகளுக்காக நடக்க மாட்டோம்.

இப்போது நாச்சாரத்து ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அது ஓவர்டைம் நாள். மீதிப் பேருக்குத் துணி துவைக்கும் நாள், கறி எடுக்கும் நாள், பகல் முழுதும் தூங்கும் நாள், சிலருக்குச் சாராயக் கடை நாள். பிள்ளைகள் தகரக் கூரைக்குக் கீழே செல்போனோடு. ஊரில் இருந்தால் மாமா வீடு, சித்தி வீடு, ஏரிக்கரை. இங்கே போக உறவுமில்லை, கரையுமில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. அதே ஆண்டு ஜூலையில், கடைகள் நீங்கலான வணிக நிறுவனங்களில் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று தெலங்கானா அரசு ஆணையிட்டது. நம் சொந்த ஊரில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே வாபஸ் ஆனதை மறந்துவிடாதீர்கள். நேரத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நல்ல உபயோகம் நம்மிடம் இல்லாவிட்டால், அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற வேகமும் இருக்காது.

சரி, எங்கே போவது? பாறையும் புதரும் நிறைந்த தக்காணத்துக் காடு இந்த நகரத்துக்குள்ளேயே துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. நாச்சாரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஹப்சிகூடா, அங்கிருந்து மெட்ரோவில் வண்டி மாறாமல் ஜூபிலி ஹில்ஸ் செக் போஸ்ட். இறங்கினால் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவின் வேலி தெரியும். 350 ஏக்கருக்கு மேற்பட்ட காடு, உள்ளே நிஜாம் குடும்பத்தாரின் சிரான் அரண்மனை. வேலிக்கு வெளியே சுற்றிவரும் நடைபாதை மட்டும் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். முதல் தடவை போகிறவர்கள் உள்பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும், வழி தவறாது. சீத்தா மரங்கள் மண்டிக் கிடக்கும், மயில் குறுக்கே போகும். அங்கேதான் ஒரு வேடிக்கை பார்த்தேன். நான் 'புங்கம்' என்றேன், தெலுங்குப் பள்ளியில் படிக்கும் என் பெண் 'கானுக' என்றாள். நான் மயில் என்றால் அவள் 'நெமலி'. சீத்தாப்பழத்துக்கு வந்தபோது இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சொல்! இரண்டு மொழிக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளோடு பேச எங்களுக்கு அன்று ஒரு விஷயம் கிடைத்தது. வீட்டில் கிடைப்பதில்லை.

கிழக்கே வனஸ்தலிபுரத்தில் மகாவீர் ஹரிண வனஸ்தலி இருக்கிறது. நிஜாமின் வேட்டைக்காடாக இருந்து 1975-ல் மான்களுக்காக ஒதுக்கப்பட்டது, 3,700 ஏக்கருக்கு மேல், வெளிமான் கூட்டம் பார்க்கலாம். உப்பலிலிருந்து வாரங்கல் சாலையில் நாரப்பள்ளியில் வனத்துறையின் நந்தனவனம் நமக்கு இன்னும் பக்கம். எங்கும் போகுமுன் திறக்கும் நேரத்தையும் சீட்டு விலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடப்பதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கடையில் மாட்டியிருக்கும் விலையுயர்ந்த பூட்ஸைப் பார்த்து மலைக்காதீர்கள், பிடிப்புள்ள பழைய கேன்வாஸ் ஷூ போதும், புதுச் செருப்புதான் கூடாது. ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம், பங்குனி சித்திரையில் இந்தப் பாறை அடுப்பு. காலை ஏழுக்குள் தொடங்கிப் பத்து பத்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். உள்ளே தின்பண்டம் விடாத இடமானால் வெளியே வந்து மரத்தடியில் பிரியுங்கள். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், வேகமானவர் பின்னால் வரட்டும். நாம் எப்போதும் இதைத் தலைகீழாகச் செய்து, பிள்ளைத்தாய்ச்சியையும் கிழவியையும் பின்தங்க விடுகிறோம். குறுக்கு வழி வேண்டாம். பாறை இடுக்கில் கைவிட வேண்டாம், பாம்பு உண்டு. பீடித் துண்டு போடுகிறவரைக் கூட்டிப் போகவே வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறும் வயிற்றில் வராமல், பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை டாக்டர் நடக்கச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

இவ்வளவும் சொன்ன பிறகு, வீட்டுக்கு வீடு இருக்கும் தடையையும் சொல்ல வேண்டும். நான்கு பேர் ஆட்டோவுக்கும் மெட்ரோவுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் கொடுத்துத் திரும்பினால் ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. 2023 டிசம்பர் 9 முதல் இம்மாநிலத்தின் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் தெலங்கானா முகவரியுள்ள அட்டை காட்ட வேண்டும். நம் பெண்களின் ஆதாரில் தருமபுரியும் விழுப்புரமும் அல்லவா இருக்கிறது? பத்து வருஷமாக இந்த ஊருக்கு உழைத்தவள் கண்டக்டர் முன்னால் வெளியூர்க்காரி ஆகிறாள். ரேஷன் கார்டைப் பேசச் சொன்ன தோழரே, நடைக்குக் கிளம்பினாலும் அந்த அட்டை விவகாரத்தில்தான் போய் நிற்கிறோம், பார்த்தீர்களா?

இன்னொன்று. 2025 நவம்பரில் அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. வெளிவட்டச் சாலைக்குள் இருக்கும் 22 தொழிற்பேட்டைகளில், 9,000 ஏக்கருக்கு மேற்பட்ட தொழில் நிலத்தை, கட்டணம் கட்டிவிட்டு வீடு, வணிகக் கட்டடங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அது. நாச்சாரமும் மல்லாப்பூரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பட்டறை போனால் நம் வேலை என்ன ஆகும் என்பது முதல் கேள்வி, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். இரண்டாவது கேள்வி: எத்தனையோ வருஷம் இந்தக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு அந்த நிலத்தில் ஒரு தோப்பாவது, ஒரு பாதையாவது உண்டா? கேட்டால் கிடைக்குமா என்பவர்கள் 2025 ஏப்ரல் 3-ஐ நினைத்துக்கொள்ளட்டும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் புல்டோசர் இறங்கியபோது மாணவர்கள் தடியடியும் கைதும் பொறுத்து எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் அன்று மரம் வெட்டுவதை நிறுத்தியது. நகரத்தின் மேற்கே காட்டுக்காகக் குரல் எழுந்தது. கிழக்கே தொழிற்பேட்டைப் பக்கத்தில் எழுப்ப நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அடுத்த பொதுக்குழுவில் மூன்று கோரிக்கைகளை வைக்கப் போகிறேன். மாறுகிற தொழில் நிலத்தில் மரப்பாதைக்கு இடம். மாதத்தில் ஒரு ஞாயிறு வனப் பூங்காக்களில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ள குடும்பங்களுக்கு இலவச அனுமதி. வேலை செய்யும் இடத்தின் சான்றைக் காட்டினாலே நம் பெண்களுக்கும் பஸ்ஸில் இலவசப் பயணம். அதற்கு முன்பாகக் கார்த்திகை முதல் ஞாயிறு நாரப்பள்ளிக்குப் போவோம். காலை ஆறு மணிக்குச் சங்க வாசலில் கூடுவது, பஸ் செலவை உண்டியலில் இருந்து பாதி கொடுப்பது என்று சில தோழர்களோடு பேசி முடித்திருக்கிறோம். செங்கத்துப் பெரியவரை நேரில் போய்க் கூப்பிட்டேன். வருவதாகச் சொல்லவில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் கேட்டார்.