சிரிக்க வைத்த வாத்தியார்

ஜெர்மன் மொழியில் ஒரு வசதி உண்டு. துறை வல்லுநர்களுக்கான புத்தகத்துக்கு ஒரு பெயர். அதே விஷயத்தைச் சாமானியனுக்குச் சொல்லும் புத்தகத்துக்கு வேறு பெயர். இந்த இரண்டாவது ரகத்தில் 2014-ல் வெளிவந்த ஒரு நூல் அங்கே சக்கைப்போடு போட்டது. எழுதியவர் ஜூலியா எண்டர்ஸ் என்ற மருத்துவ மாணவி. விஷயம், மனிதக் குடல். நாலு பேர் முன்னால் பேசக் கூசும் சமாசாரங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, கழிப்பறையில் எப்படி உட்கார்ந்தால் உடம்புக்கு நல்லது என்பதுவரை யோசனையும் சொன்னார்.

இப்படிப்பட்ட புத்தகங்கள் என்றால் எந்த ஊரிலும் வாசகர்கள் இரண்டு கட்சி. சிரித்துக்கொண்டே தெரிந்துகொண்டோம் என்பார்கள் சிலர். பெரிய விஷயத்தை விளையாட்டாக்கி விட்டார் என்பார்கள் மற்றவர்கள். தமிழில் இந்த வழக்கு பல வருஷங்களாக நடக்கிறது. அதன் நாயகர் பெங்களூர் ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ரங்கராஜன். மனைவியின் பெயரில் எழுதியதால் நமக்கு சுஜாதா.

கதைகளை விடுங்கள். அவை பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவரது கட்டுரைகளும் கேள்வி - பதில்களும்தான் இங்கே விஷயம். ஜூனியர் விகடனில் வாசகர்கள் கேட்க, 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று அவர் பதில் எழுதினார். மூளையைப் பற்றி 'தலைமைச் செயலகம்' எழுதினார். கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஜில்லாக்களுக்கு அதை அறிமுகம் செய்தார். ஊடகங்கள் வழியே அறிவியலைப் பரப்பியதற்காக 1993-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் விருதும் கிடைத்தது.

அவரால்தான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தேன் என்று சொல்லும் தமிழ் என்ஜினீயர்களை பெங்களூரில் இன்றும் சாதாரணமாகச் சந்திக்கலாம். அவரை 'வாத்தியார்' என்றே சொல்லும் வாசகர் கூட்டம் அவர் மறைந்து (பிப்ரவரி 27, 2008) இத்தனை வருஷமான பிறகும் கலையவில்லை.

எதிர்க்கட்சியும் வலுவானது. மேலோட்டம், நுனிப்புல், ஒரு பாராவில் விளக்க வேண்டியதை ஒரு ஜோக்கில் தாண்டிவிடுகிறார், ஆங்கிலத்தை அள்ளித் தெளித்துத் தமிழைக் கெடுத்தார் - இவை பழைய புகார்கள். முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போகிற வாசகனுக்கு அவரது பத்திரிகைப் பத்திகள் அதிகம் உதவுவதில்லை. எண்பதுகளின் கம்ப்யூட்டர் விவரங்கள் இன்று மியூசியச் சரக்கு. மறுபதிப்புகளில் எந்த வருஷம் எழுதியது, பிறகு என்ன மாறியது என்று அடிக்குறிப்பு போடுவது பதிப்பாளரின் கடமை.

ஆனால் நகைச்சுவை மீதான புகாரை ஏற்பதற்கில்லை. கசப்பு மாத்திரைக்கு மேல் தடவிய சர்க்கரை அல்ல அது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் என்றால் நமக்குப் பயம்; கேள்வி கேட்டால் அசடு என்ற பெயர் வந்துவிடும். சுஜாதாவின் கிண்டல் அந்தப் பயத்தைப் போக்கியது. எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில்தான் கார்டுகள் வந்து குவிந்தன. அந்தத் தைரியம் வந்தவன் பிறகு கனமான புத்தகத்தைத் தேடிப் போனான். போகாதவனும் ஏதோ கொஞ்சம் தெரிந்துகொண்டான்.

இன்னொன்று, அவர் வெறும் படித்துச் சொல்பவர் அல்ல. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்த இயந்திரத்தின் கதையே ஒரு பாடம். 1982-ல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாக மின்னணு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டார்கள். வழக்கு வந்தது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்தி, படிப்படியாகக் கொண்டுவந்து, 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. இயந்திரம் செய்வதைவிட ஜனங்களை நம்ப வைப்பது பெரிய வேலை.

இன்றும் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் சந்தேகம் கிளம்புகிறது. சந்தேகப்படுவது குடிமகனின் உரிமை. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி எது, ஓட்டுப் போடும் பெட்டி எது, ஏழு விநாடி கண்ணில் படும் காகிதச் சீட்டு எதற்கு என்பதே தெரியாமல் சந்தேகப்பட்டால் அது வதந்தியில் போய் முடிகிறது. தெரியாமலே நம்பினாலும் ஆபத்து குறைவதில்லை. இரண்டுக்கும் மருந்து, உள்ளே இருந்த ஒருவர் நம் மொழியில், நமக்குப் புரிகிற மாதிரி, முகம் சுளிக்காமல் விளக்குவதுதான். உடம்பு, கடன், இன்ஷூரன்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அப்படி ஒருவர் எழுதாத இடத்தில், சர்க்கரை வியாதியைப் பாகற்காய்ச் சாறு ஒரே வாரத்தில் ஒழித்துவிடும் என்ற வாட்ஸ்அப் வைத்தியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இஸ்ரோவின் தலைமையகமும் இந்திய அறிவியல் கழகமும் பெங்களூரில்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கணக்கில்லை. இவற்றில் தமிழ் தெரிந்தவர்களும் ஏராளம். ஆபீஸ் முடிந்து வந்து, முகம் தெரியாத ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் கேள்விக்குத் தமிழில் பதில் எழுத இவர்களில் எத்தனை பேர் தயார்? சுஜாதா ஆழமாக எழுதவில்லை என்பவர்கள் தாராளமாக ஆழமாக எழுதட்டும். பையன் படித்துவிட்டு ஒரு தடவையாவது சிரிக்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். சிரித்தால், அடுத்த கேள்வியையும் அவர்களிடமே கேட்பான்.