சூத்திரமும் உருளைக்கிழங்கும்

வீடியோவில் கதை சொல்லக் கற்றுத்தரும் உபாத்தியாயர்கள் பெருகிவிட்டார்கள். முதல் சில விநாடிகளில் தூண்டில், பிறகு சிக்கல், நடுவில் திருப்பம், கடைசியில் தீர்வு. மூன்று மணி நேரப் படமானாலும் மூன்று நிமிஷ வீடியோவானாலும் இதே கஷாயம்தான். ஏன் என்று கேட்டால் அரிஸ்டாட்டிலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அவர் சொன்ன சாட்சி வேறு. முழுமையான ஒன்றுக்குத் தொடக்கம், நடு, முடிவு உண்டு என்றார். துன்பியல் நாடகத்தைப் பகுக்கும்போது முடிச்சிடுவது, அவிழ்ப்பது என்று இரண்டாகத்தான் பகுத்தார். ஐந்து அங்கம் விதித்தவர் ரோமானியக் கவி ஹொரேஸ். ஃப்ரெய்டாக் 1863இல் அந்த ஐந்தைப் பிரமிடாக்கினார். மூன்று அங்கத்தைத் திரைக்கதையின் வாய்ப்பாடாகப் பரப்பியது 1979இல் வந்த சிட் ஃபீல்டின் புத்தகம்: 120 பக்கம், பக்கத்துக்கு ஒரு நிமிஷம், 30, 60, 30 என்று பங்கு. 2005இல் ப்ளேக் ஸ்னைடர் 15 கட்டங்களுக்குப் பக்க எண்ணே கொடுத்துவிட்டார். ஆக, ஆதிமறை என்று வணங்கப்படுவது ஹாலிவுட்டின் தொழிற்கையேடு. அதன் சரக்குக்கு அது உதவலாம். எல்லா அனுபவத்துக்கும் அதுவே படி என்பதுதான் அபத்தம்.

ஷாந்தால் அக்கர்மானின் 'ழான் டீல்மன்' (1975) 201 நிமிஷம் ஓடுகிறது. பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவையின் மூன்று நாட்கள். பிற்பகலில் வீட்டுக்கு வரும் ஆண்களுக்கு உடலை விற்கிறாள். மற்ற நேரமெல்லாம் சமையல், பாத்திரம், படுக்கை. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தை ஏந்திக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் அலைகிறாள். நமக்கு அடிவயிறு கலங்குகிறது. மூன்றாம் நாள் கொலை.

மூன்று நாள், மூன்று அங்கம் என்று யாராவது கணக்குக் காட்டக்கூடும். ஆனால் குழைந்த கிழங்கு ஒரு நிகழ்ச்சியாவது, அதற்குமுன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவளுடைய ஒழுங்குக்குள் நாமும் இருந்திருப்பதால்தான். 'இழுக்கிறது' என்று அதை வெட்டினால் கிழங்கு வெறும் கிழங்கு. கொலை வெறும் பத்திரிகைச் செய்தி. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' விமர்சகர்கள் இப்படத்துக்கு முதலிடம் தந்தது என் வாதமல்ல. அந்தக் கிழங்குதான் வாதம்.

ஹாலிவுட் வேண்டாமென்றால் ஜப்பானியரின் கிஷோதென்கெத்சு இருக்கிறதே என்று இன்னொரு கோஷ்டி. சீன நாலடிக் கவிதையில் பிறந்த அமைப்பு அது: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், இணைப்பு. அதையும் வாய்ப்பாடாக்கினால் மூன்று அறைக்குப் பதில் நான்கு அறை, சிறை சிறைதான்.

பார்ப்பவன் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவானே என்பது கடைசி அஸ்திரம். போகிறவன் போகட்டும். தங்குகிறவனுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. வீட்டுவேலை, காத்திருத்தல், முதுமை ஆகியவற்றில் திருப்பம் குறித்த நிமிஷத்தில் வருவதில்லை. ஆகவே அவை சொல்லத் தகாதவை என்று நம் கண்ணைப் பழக்குகிறது சூத்திரம். இது ரசனைக் குறைவு மட்டுமல்ல. பெரும்பாலோரின் வாழ்க்கையைக் கதைக்கு வெளியே நிறுத்தும் காரியம்.

உருவம் கடையில் விற்கும் அச்சு அல்ல. விஷயத்தோடு மல்லாடுகிறவனுக்குத்தான் அது கிடைக்கும், அதுவும் அந்த ஒரு தடவைக்கு மட்டும்.