இரண்டு பழைய பைக்கில் எதை வாங்குவது?

கேள்வி: "எங்களுக்கு பாலாற்றுக்கு அந்தக் கரையில் இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறார். பால் ஊற்றவும் தீவனம் ஏற்றவும் வீட்டில் ஒரு எக்ஸ்.எல். வண்டி உண்டு. மகன் விடியற்காலையில் ஆற்று மணலில் இறங்கி நிலத்துக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு, பிறகு ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். மேடு பள்ளத்தில் ஓடும் பைக் வேண்டும் என்று இரண்டு செகண்ட் ஹேண்ட் வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று 2012-ஆம் ஆண்டு ஹீரோ இம்பல்ஸ், 35 ஆயிரம் கேட்கிறார்கள். இன்னொன்று 2021-ஆம் ஆண்டு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 85 ஆயிரம் சொல்கிறார்கள். எதை வாங்கினாலும் என் வளையலைத்தான் அடகு வைக்க வேண்டும். எது நல்லது?"

- வாசகி ஒருவர், காஞ்சிபுரம் வட்டாரம்

பதில்: பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, ஒரு வேளை பால் கறந்தும் பார்த்துத்தான் மாடு வாங்குகிறோம். பழைய வண்டிக்கும் அதே நிதானம் வேண்டும். எந்த வருடத்து வண்டி, என்ன விலை என்பதோடு நிறுத்தாமல், அந்த வண்டி தினமும் என்ன வேலை செய்யப் போகிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஆற்று மணலும் வரப்பும் உள்ள சில கிலோமீட்டர் தூரம். மற்றொன்று, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போய் வரும் தார்ச்சாலை. போக வர தினமும் 60 கிலோமீட்டர் என்று வைத்தாலும், மாதம் 25 நாளைக்கு 1,500 கிலோமீட்டர் ஆகிறது. அதாவது வண்டி ஓடப்போகும் தூரத்தில் பெரும்பகுதி மணலில் இல்லை. கனரக லாரிகள் ஓடும் சாலையில்தான். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம்?

இம்பல்ஸ் 2011-இல் விற்பனைக்கு வந்தது. 149.2 சி.சி. இன்ஜின், கார்புரேட்டர், 134 கிலோ எடை. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். எளிமையான வண்டி. கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் ஊர் மெக்கானிக்கே கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்துவிடுவார். எடை குறைவு என்பதால் மணலில் புதைந்தாலும் ஓர் ஆள் தூக்கித் திருப்பிவிடலாம். ஆனால் இதன் தயாரிப்பு நின்று பல வருடம் ஆகிறது. இதே அளவு இன்ஜின் அதே கம்பெனியின் வேறு சில வண்டிகளிலும் வந்ததால் பிஸ்டன், கிளட்ச் போன்ற இன்ஜின் சாமான்களுக்கு வழி உண்டு. இந்த மாடலுக்கென்றே செய்த முன் ஃபோர்க், பின் ஷாக், டேங்க், பக்கவாட்டு மூடிகள் உடைந்தால்தான் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-இல். 199.6 சி.சி. இன்ஜின், எடை ஏறக்குறைய 154 கிலோ. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. முன் சக்கரம் 21 அங்குலம். இம்பல்ஸில் 19 அங்குலம். பெரிய சக்கரம் மணலிலும் குழியிலும் எளிதாக ஏறி இறங்கும். 2021 வண்டி பி.எஸ்.6 விதிக்குப் பிறகு வந்தது. அதனால் கார்புரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் பார்த்து பெட்ரோலைத் தெளிக்கும் எஃப்.ஐ. முறை. இதில் பேட்டரி படுத்துவிட்டால் வண்டியும் படுத்துவிடும். கோளாறு வந்தால் கருவி வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் பிரேக்கில் இருக்கிறது. எக்ஸ்பல்ஸில் இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். முன் சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். உண்டு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2012 வண்டியில் அது கிடையாது. மழை ஈரத்தில் லாரி திடீரென நின்றால், பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது மனித இயல்பு. அப்போது ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

காகிதக் கணக்கு

சொந்த உபயோக இருசக்கர வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2012 வண்டிக்கு அது 2027-இல் முடிகிறது. பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். 2021 வண்டிக்கு 2036 வரை இந்தக் கவலை இல்லை.

இன்சூரன்ஸில் பழைய வண்டிக்கு ஒரு லாபம் உண்டு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 150 சி.சி. வரை ஆண்டுக்கு 714 ரூபாய். அதற்கு மேல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய். வரி தனி. இம்பல்ஸ் முதல் பிரிவிலும், எக்ஸ்பல்ஸ் இரண்டாவது பிரிவிலும் வரும்.

வளையல் கணக்கு

35-க்கும் 85-க்கும் வித்தியாசம் 50 ஆயிரம் என்று தோன்றும். பழைய வண்டிக்கு உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். இரண்டு டயர், செயின் ஸ்பிராக்கெட், ஃபோர்க் ஆயில் சீல், பேட்டரி, கிளட்ச் பிளேட் என்று சேர்த்து 15 ஆயிரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது 50 ஆயிரம் ரூபாய் வண்டி. உண்மையான வித்தியாசம் 35 ஆயிரம். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 3,500 ரூபாய். மாதத்துக்கு 300 ரூபாய்க்கும் குறைவு. வண்டி வழியில் நின்று கம்பெனி வேலை ஒரு நாள் போனாலே அதைவிட அதிகம் நஷ்டம். நாலு வருடம் கழித்து விற்கும்போதும் 2021 வண்டிக்குக் கேட்க ஆள் இருக்கும். புதிய வண்டிக்கும் மதிப்பீடு வாங்குங்கள். செலவு இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

முடிவு

தினமும் ஒரகடம் போய் வரும் வரை 2021 வண்டியே உங்கள் வீட்டுக்கு ஏற்றது. பிரேக்கும், நிற்காமல் ஓடும் உறுதியும்தான் காரணம். மகன் கம்பெனி வேலையை விட்டு நிலத்தை மட்டும் பார்க்கப் போகிறான் என்றால் பதில் மாறும். அப்போது 20 கிலோ எடை குறைந்த, ஊரிலேயே ரிப்பேர் பார்க்கக்கூடிய பழைய இம்பல்ஸ் போதும். அதிகக் கடனும் வேண்டாம்.

இரண்டில் எதை வாங்கினாலும் எக்ஸ்.எல். வண்டியை விற்றுவிடாதீர்கள். 40 லிட்டர் பால் கேன் நிரம்பினால் 45 கிலோவைத் தாண்டும். எக்ஸ்பல்ஸின் இருக்கையே தரையிலிருந்து 823 மில்லிமீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தில் பாரம் கட்டினால் வரப்பில் வண்டி சாயும். பாலும் தீவனமும் எக்ஸ்.எல்.லிலேயே போகட்டும்.

பார்த்து வாங்க வேண்டியவை

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். "நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆவதில் உள்ள தொல்லையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். ஓட ஆரம்பித்த பிறகும் நீல நிறப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். அந்த வண்டி வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இருவர் பிடித்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் தடுக்கினால் பேரிங் போயிருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வழிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கம்பிச் சக்கரம் என்பதால் ஒவ்வொரு கம்பியையும் சாவியால் தட்டுங்கள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்த கம்பி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1821 என்றால் 2021-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்த டயர். காடு மேட்டில் விழுந்த வண்டியா என்பதை ஃபிரேமில் உள்ள புதிய வெல்டிங்கும் புதிய பெயின்டும் சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. இருக்கையைக் கழற்றி வயர் இணைப்புகளில் சேறோ பச்சைக் களிம்போ இருக்கிறதா, ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே மண் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். எஃப்.ஐ. வண்டி மூழ்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன்

ஃபிரேமில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் இருக்கிறதா என்பது தெரியும். நிலுவை அபராதத்தை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். 2021 வண்டி தவணையில் வாங்கியதாக இருக்கலாம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்த தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் முழுப் பணம் தர வேண்டாம். சிறு அட்வான்ஸ் கொடுங்கள். மீதியைப் படிவம் 29, 30-இல் கையெழுத்தாகும் நாளில் வங்கி வழியாகக் கொடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் கைமாறியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் கிராமங்களில் அதிகம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் பெயர் மாற்றம் விற்பவருக்கும் பாதுகாப்பு.

உங்கள் குடும்பத்துக்கு இது இன்னும் முக்கியம். உரிமையாளரே ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆர்.சி. தன் பெயரில் இருந்து, செல்லத்தக்க உரிமமும் வைத்திருப்பவருக்குத்தான் அது பொருந்தும். எனவே வண்டியை ஓட்டப்போகும் மகன் பெயரிலேயே ஆர்.சி.யை மாற்றி, இன்சூரன்ஸையும் அதே பெயரில் எடுங்கள். எக்ஸ்.எல். ஓட்ட எடுத்த கியர் இல்லாத வண்டி உரிமம் இதற்குச் செல்லாது. கியர் வண்டி உரிமம் வேண்டும்.

வாங்கிய பிறகு

மணலில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரும் செயினும்தான் உயிர். 15 நாளுக்கு ஒருமுறை இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும். மணல் ஒட்டிய செயினில் மேலுக்கு எண்ணெய் மட்டும் விட்டால் அது அரைக்கும் கல் போலத் தேய்த்துவிடும். முதலில் துடைத்து, பிறகு எண்ணெய் விடுங்கள்.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வரும் அந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு வண்டியுமே இந்தக் கலவைக்கென்று வடிவமைத்த வண்டிகள் வருவதற்கு முன் செய்தவை. பெட்ரோல் குழாயின் ரப்பர் உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 85 ஆயிரத்துக்கே வளையலை வைக்காமல், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ், நல்ல ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதற்குள் அடங்கும்படி வண்டியின் விலையைப் பேசுங்கள். மகன் சம்பளத்திலிருந்து மாதம் எவ்வளவு கட்டி, எந்த மாதம் வளையலை மீட்பது என்பதையும் வண்டி வீட்டுக்கு வரும் முன்பே பேசி, ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.