‘இது உடைந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கும் வேலை

காரிமங்கலத்தில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஓசூர். அங்கே பெலகொண்டப்பள்ளியில் விமான உதிரிபாகங்கள் செய்யும் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஓடுதளமே உண்டு. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரும் ஒரு மையம். 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதைத் தாண்டினால் பெங்களூரு எச்.ஏ.எல். அந்தச் சாலையில் நம் தெருக்களிலிருந்து தினமும் ஆட்கள் போகிறார்கள். பெரும்பாலும் சென்ட்ரிங் வேலைக்கும் கம்பி கட்டவும்தான்.

விமானத் தொழிலில் ‘சேஃப்டி இன்ஜினீயர்’ என்று ஒரு வேலை இருக்கிறது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி என்று நினைத்துவிட வேண்டாம். விமானத்தின் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, ‘இது உடைந்தால் என்ன ஆகும், அடுத்து எது கெடும், உள்ளே இருப்பவர் பிழைப்பாரா?’ என்று கேட்டு எழுதி வைப்பவர் அவர். பயணிகள் விமானத்தையே வீழ்த்தக்கூடிய கோளாறு, நூறு கோடி பறப்பு மணி நேரத்துக்கு ஒரு முறைகூட நேராத அளவுக்கு அரிதாக இருக்க வேண்டும். ஒற்றைப் பழுது எதுவும் பேரழிவில் முடியக் கூடாது. இது உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

அந்தக் கேள்வி அலட்சியப்படுத்தப்பட்டபோது என்ன ஆனது என்பதற்கு போயிங் 737 மேக்ஸ் சாட்சி. அதில் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் ஒரு மென்பொருள், ஒரே ஒரு சென்சாரின் அளவை நம்பி இயங்கியது. சென்சார் தவறாகக் காட்டியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர் மாண்டார்கள். அதற்கு முன்பே, 1986-ல், சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டரைச் செய்த நிறுவனத்தில் ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்ட பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையம் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவே மன்றாடினார்கள். மேலதிகாரிகள் மீறினார்கள். 73 விநாடிகளில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொன்னவர்கள் பேச்சு எடுபடவில்லை. மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் ‘கூடாது’ என்று சொல்ல முடியாத இடத்தில் எந்த இயந்திரமும் பத்திரமாக இருக்காது. இது நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய விஷயமா?

இதே கேள்வியைப் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து கேட்டுப் பாருங்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. செறிவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே அது மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கியவர் விழுவார். காப்பாற்றப் போனவரும் விழுவார். விமானத் துறைப் பொறியாளர் ஒருவர் இதை ஒரே பக்கத்தில் எழுதி, ‘ஆள் இறங்கக் கூடாது’ என்று முடித்துவிடுவார். இங்கே மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. சாக்கடை மரணத்துக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. செத்தபின் கொடுக்கும் தொகைக்குக் கணக்கு இருக்கிறது. இறங்கும் முன் போட வேண்டிய கணக்கை யாரும் போடவில்லை. இறங்குகிறவர்கள் யார் என்பதே காரணம்.

அதனால்தான் அந்த நாற்காலியில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்கிறேன். அதற்கு ஏரோநாட்டிக்கல்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் போதும்; 2013-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி நம் செட்டிக்கரையிலேயே இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் நுழைந்து மேலே வரலாம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வேலையில் பாதி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது. கல்லூரி முதலாம் ஆண்டிலேயே அதைப் பழகத் தொடங்குங்கள்.

பொதுத்துறையான எச்.ஏ.எல்-லில் இடஒதுக்கீடு உண்டு. ஓசூர் தனியார் ஆலைகளில் கிடையாது. ஆனால் அந்த ஆலைகளுக்குச் சலுகை தருவதற்கென்றே 2022-ல் அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. சலுகை பெறும் நிறுவனம் எத்தனை ஆதிதிராவிடர், பழங்குடியினரைப் பொறியாளராக எடுத்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என நிபந்தனை போடுவதில் என்ன தடை? தாட்கோ ஏற்கெனவே விமான நிலையப் பயணிகள் சேவைக்கும் கேபின் பணிக்கும் நம் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறது. நல்லது. ஆனால் அது விமானத்துக்குள் தண்ணீர் கொடுக்கும் வேலை. விமானம் பறக்கலாமா என்று முடிவு செய்யும் வேலை இல்லை. அடுத்த பயிற்சி, தரப் பரிசோதனைக்கும் பழுது ஆய்வுக்கும் இருக்கட்டும். அதற்கான மாணவர்களை, சமூக நீதி விடுதிகள் என்று புதுப் பெயர் சூட்டிய நம் மாவட்ட விடுதிகளிலிருந்தே எடுக்கட்டும்.