நீதி வரியை நீக்கிப் பாருங்கள்

தமிழில் நாம் படித்த சிறுவர் கதைகள் பலவற்றுக்கு ஒரே முடிவுதான். நரி ஏமாந்திருக்கும் அல்லது முயல் பாடம் கற்றிருக்கும். கடைசியில் ‘இக்கதையின் நீதி’ என்று ஒரு வரி நிற்கும். கதை சொல்லும் போட்டிகளிலும் அந்த வரியைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்குபவர்கள் குறைவு. அது இனித் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தின் வரலாற்றைப் பாருங்கள். தொடக்கத்தில் அது மிகக் கண்டிப்பானது. 17ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஜேன்வே எழுதிய நூல், பக்தி மிக்க பிள்ளைகள் எப்படி இறந்தார்கள் என்று விவரித்துக் குழந்தைகளை நல்வழிப்படுத்த முயன்றது. 1744இல் லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி, பாட்டும் விளையாட்டும் நிறைந்த ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதோடு ஆண்பிள்ளைக்கு ஒரு பந்தும் பெண்பிள்ளைக்குக் குண்டூசி குத்தி வைக்கும் சிறு மெத்தையும் விற்கப்பட்டன. குழந்தைக்கு மகிழ்ச்சியும் வேண்டும் என்று பெரியவர்கள் உணரத் தொடங்கிய காலம் அது. ஆனால், அந்தப் பந்திலும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்பில் ஓர் ஊசி, தவறு செய்தால் கறுப்பில் ஓர் ஊசி! விளையாட்டுப் பொருளையும் உபதேசம் விட்டுவைக்கவில்லை.

1865இல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதை வெளிவந்தது. பாடம் செய்திருந்த ஒரு நீதிப் பாட்டை ஆலிஸ் ஒப்பிக்க முயல்கிறாள். உழைக்கும் தேனீயைப் புகழும் பாட்டு அது. அவள் வாயிலிருந்து வருவதோ மீன்களை விழுங்கும் முதலையின் பாட்டு. எதிலும் நீதி தேடும் ஒரு சீமாட்டியும் கதையில் உண்டு. அவளைப் பார்த்துச் சிறுவர்கள் சிரித்தார்கள். கதை கதையாகவே இருக்கலாம் என்ற துணிவு அதன்பின் ஆங்கிலத்தில் வளர்ந்தது.

இந்தத் துணிவு தமிழுக்கும் புதிதன்று. ஔவையாரின் ஆத்திசூடியில் தொடங்கிய நம் மரபில் அறநூலுக்கு என்றும் இடமுண்டு. அதே மரபில்தான் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, பிள்ளைகள் ஆடிப் பாடி மகிழப் பாடல்கள் எழுதினார். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, விக்கிரமாதித்தன் கதைகளைத் தந்தது. அதில் வேதாளம் கதை சொல்லி முடித்ததும் நீதி சொல்வதில்லை, கேள்வி கேட்கிறது. அரசன் வாய் திறப்பதற்குள் நாமும் ஒரு பதிலை யோசித்துவிடுகிறோம். படிப்பவரை மதிக்கும் முடிவு அது.

நீதி இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்று பெற்றோர் அஞ்சலாம். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால், நல்ல கதையில் அறம் பாத்திரங்களின் செயலிலேயே இருக்கும். அதைத் தனியே எடுத்துச் சொன்னால், பிள்ளைக்குக் கதை புரியாது என்று நாமே முடிவுகட்டியதாகிவிடும்.

இதில் இன்னொரு கவலையும் எனக்குண்டு. இந்நாட்டில் நம் தம்பி தங்கைகள் சிரிக்கவும் வியக்கவும் ஆங்கிலப் புத்தகத்தை எடுக்கிறார்கள். தமிழ்ப் புத்தகத்தைத் தேர்வுக்கு மட்டும் திறக்கிறார்கள். அறிவுரை கேட்க மட்டுமே ஒரு மொழி என்று சிறுவயதில் மனத்தில் பதிந்துவிட்டால், வளர்ந்தபின் யார் அதை விரும்பிப் படிப்பார்கள்?

இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நாம்தான் சிறுவர் உலகத்துக்கு அருகில் இருப்பவர்கள். அடுத்த முறை சிறுவர் கதை எழுதும்போது கடைசி வரியை நீக்கிவிட்டு வீட்டிலுள்ள ஒரு சிறு பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று அந்தப் பிள்ளை கேட்டால், உங்கள் கதைக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டார்.