வீட்டுக்குள் பாம்பு வேண்டுமா?

2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தபோது, 55 ஆப்பிரிக்க மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிரோடு இருந்தன. உடன் வந்த 6 குரங்குகள் செத்துக் கிடந்தன. 2024 ஏப்ரலில் அதே விமான நிலையத்தில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள் பிடிபட்டன. வாங்குவதற்கு ஆள் இல்லாமல் யாரும் பாம்பைப் பெட்டியில் அடைத்துக் கொண்டு வருவதில்லை. நம் நகரத்தில் பாம்பு வளர்க்கும் ஆசை பரவி வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

குழந்தைகள் கேட்கிறார்கள், விஷமில்லாத பாம்புதானே, வளர்த்தால் என்ன என்று பெற்றோர் நினைக்கலாம். கேள்வி நியாயமானதே. பதிலைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம்.

முதலாவதாக, நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க இடமில்லை. நாகம், சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி ஆகியவற்றுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காவலாக நிற்கிறது. மலைப்பாம்பை வைத்திருந்து பிடிபட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை காத்திருக்கிறது. மண்ணுளிப் பாம்பு வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று ஆசை காட்டி ஏமாற்றும் கும்பல்கள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உண்டு. அதனால் செல்வம் சேர்ந்தது விற்றவனுக்கு மட்டுமே.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உயிராபத்தும் இருக்கிறது. கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ தவறாக எண்ணிவிட முடியும். கட்டுவிரியனைப் போலவே உடலில் வெள்ளை வளையங்கள் கொண்ட விஷமற்ற பாம்பும் உண்டு. தேர்ந்தவர்களே தடுமாறும் இந்த விஷயத்தில் நாம் துணிவது பேதைமை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது.

இரண்டாவதாக, வெளிநாட்டுப் பாம்புகள். ‘பால் பைத்தான்’ எனப்படும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பும், அமெரிக்காவின் ‘கார்ன்’ பாம்பும் விஷமற்றவை, சாதுவானவை என்பது உண்மையே. பயந்தால் பந்துபோல் சுருண்டு கொள்வதால்தான் முன்னதற்கு அந்தப் பெயர். ஆனால் அதை வளர்ப்பது 20, 30 ஆண்டுப் பொறுப்பு. பள்ளிக்குப் போகும் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவனுக்குக் கல்யாணமான பிறகும் பாம்பு இருக்கும். அதன் கூண்டில் ஒரு பக்கம் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும்; பெங்களூர் மார்கழிக் குளிர் அதற்கு ஆகாது. தீனி எலி. சில சமயம் வாரக்கணக்கில் தின்னாமலும் கிடக்கும். தேடினால் எளிதில் கிடைக்கக்கூடியவர் அல்ல பாம்புக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர். பாம்பின் உடலிலிருந்து சால்மோனெல்லா கிருமி பரவும் என்பதால், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் முதியோரும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டுக்கு அது ஏற்றதல்ல. ஒற்றை அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டில் அதற்கு இடம் எங்கே?

இதற்கும் சட்டம் உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும், சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இத்தகைய பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். குட்டி பிறந்தாலும், பிராணி இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பால் பைத்தான் இந்தப் பட்டியலில் உள்ளது. ரசீதும் பதிவும் காட்ட முடியாதவரிடம் வாங்குவது கடத்தலுக்குக் கைகொடுப்பதாகும்.

விமான நிலையத்தில் பிடிப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. செல்லப்பிராணிக் கடைகளை வனத்துறை அடிக்கடி சோதிக்க வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, உருது மொழிகளிலும் அச்சிட்டுக் கடை வாசலில் ஒட்டச் செய்ய வேண்டும். தெரியாமல் வாங்கி வைத்திருப்பவர்கள் அச்சமின்றி ஒப்படைக்க வழி வேண்டும். இல்லையேல் அவர்கள் இரவோடிரவாக ஏரிக்கரையில் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அப்படி வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு பிராணிகளை அழித்து வருகின்றன.

குழந்தைகளின் ஆவலை அடக்க வேண்டியதில்லை. பன்னேர்கட்டாவுக்கு அழைத்துச் செல்லலாம். விடுமுறைக்குச் சென்னை போகும்போது கிண்டி பாம்புப் பண்ணையைக் காட்டலாம். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் அரசு அனுமதியுடன் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் விட்டுவிடுவதையும் சொல்லித் தரலாம். கடி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் பிறக்கிறது.

அரச மரத்தடி நாகர்கல்லுக்குப் பால் ஊற்றும் மக்கள் நாம். அந்த மரியாதைக்குப் பொருள், பாம்பை அதன் இடத்தில் வாழ விடுவதே. வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் மந்திரவாதியை நாடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குடும்ப வீட்டுக்குப் பாதுகாப்பான பாம்பு எது என்று கேட்டால், காட்டில் இருக்கும் பாம்புதான் என்பதே நம் பதில்.